எந்தக் கடுவன்?

தொல்காப்பியத்து மரபியலில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரிய பெயர்களை எடுத்துரைக்கும் ஆசிரியர், ஆண் குரங்கைக் கடுவன் என்று வழங்குவதை மரபாக ஏற்கிறார். காட்டுப்பூனையாகிய வெருகைப் பூசை என்பதும் அதே தொடர்ச்சியில் வருகிறது. ஆயின் எங்கள் நீடாமங்கலத்துப் பக்கத்தில் ஆண் பூனையையும் கடுவன் என்றே சொல்வார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு உரிமையாளர்கள் இருப்பது தமிழில் புதிதன்று. அதனால் எங்களுக்கு யாதொரு தொல்லையும் நேர்ந்ததில்லை, 2022 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரையில்.

நாங்கள் வாழ்வது தில்லியில், இராமகிருஷ்ணபுரத்தை அடுத்த முனிர்க்காவில், வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய அடுக்குவீடுகளில் ஒன்று. மலை மந்திர் மணியோசை காற்று நம் பக்கம் வீசும் நாளில் மெல்லக் கேட்கும். மற்றொரு பக்கம் சஞ்சய் வனம். அங்கிருந்து குரங்குகள் கூட்டமாக வந்து தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் புரட்டும்; உலர்த்திய வடகத்தை வாரிக்கொண்டு போகும். தில்லிக் குரங்குகளை எளிதாக எண்ணலாகாது. 2007 ஆம் ஆண்டில் இந்நகரத்தின் துணை மேயரே குரங்குகளை விரட்டப் புகுந்து, மாடியிலிருந்து விழுந்து உயிர் நீத்தார். அவற்றைப் பிடித்து அசோலா பட்டிக் காட்டில் விடவேண்டுமென்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் அவ்வாண்டே. ஆணை காட்டுக்குப் போயிற்று. குரங்குகள் எங்கள் மாடியிலேயே இருக்கின்றன.

இந்த வீட்டில் எங்களோடு ஒரு பூனை உண்டு. பெயர் துரை. வைத்தவர் அம்மா. எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. பேச்சில் இருவருக்கும் அம்மாதான். 2009 இல் ஊரைவிட்டு எங்களோடு வந்தவர், பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியில் மூன்று சொற்களுக்கு மேல் கற்றாரில்லை. அவற்றிலும் ஒன்று காய்கறிக்காரரிடம் சொல்லும் 'நஹி'. 2016 மழைக்காலத்தில் மாடிப்படிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த செம்பட்டை வரிக்குட்டியைச் சேலைத் தலைப்பில் எடுத்து வந்தார். தரையில் வைத்த சோற்றை அது தொடவில்லை; தட்டில் வைத்த பிறகே உண்டது. "பெரிய துரைதான்!" என்றார். பெயர் நிலைத்துவிட்டது. பகலெல்லாம் நாங்கள் அலுவலகத்தில் இருக்க, அம்மாவின் தமிழைக் கேட்டவை அந்த வீட்டின் நான்கு சுவர்களும் துரையும் மட்டுமே. கோயில்வெண்ணிக் கரும்பேசுவரர் கோயிலைப் பற்றியும், வெண்ணாற்றில் வெள்ளம் வந்த ஆண்டைப் பற்றியும் எங்களைவிட அதற்கு மிகுதியாகத் தெரிந்திருக்கக் கூடும்.

2021 ஆகஸ்டில் அம்மா காலமானார். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது: நாங்கள் பூனைப் பிரியர்கள் அல்லோம். சோபாவின் உறையைக் கிழித்ததற்காகத் துரையைத் திட்டியவர்கள். ஆனால் அம்மா விட்டுச் சென்றவற்றுள் உயிருள்ளது அது ஒன்றே. அவர் கட்டிலில் அவர் கால்மாட்டில் அது சுருண்டு கிடந்தபோது எழுப்பிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. தயிர்சோறு போட்டோம், கதவு திறந்துவிட்டோம், அவ்வளவுதான் செய்தோம். ஆண்டுதோறும் போடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியைக் கடைசியாகப் போட்டது 2019 இல். பிறகு ஊரடங்கு, பிறகு அம்மாவின் நோய். அந்த நினைவே எங்களுக்கு எழவில்லை.

பிப்ரவரி 12, சனிக்கிழமை. மலை மந்திருக்குச் சென்று இருட்டியபின் திரும்பினோம். துரை வாசலுக்கு வரவில்லை. தேடினால், அம்மாவின் கட்டிலுக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. இடக் காதின் நுனியில் கீறல்; உறைந்த இரத்தம். அன்று பிற்பகல் மாடியில் பெரிய குரங்குக் கூட்டம் வந்திருந்ததாக மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் சொன்னார். அதில் ஒரு கிழக் கடுவன், நாயையும் அஞ்சாதது, படிக்கட்டு வரை இறங்கி வந்ததாம். "பந்தர்தான், பஹன்ஜி, வேறு யார்?" என்று முடிவு கட்டிவிட்டார். எங்களுக்கும் அதில் ஐயம் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காதுக் கீறலில் மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். டெட்டால் தடவலாம் என்று எங்களில் ஒருவர் புட்டியை எடுத்து வந்தார். நாற்றம் பட்டதுமே துரை சீறியதால் திருப்பி வைத்தார். அந்தச் சீற்றத்திற்கு நாங்கள் பிற்பாடு நன்றி செலுத்த வேண்டியிருந்தது. பூனை தன் உடம்பை நாவால் தூய்மை செய்யும் விலங்கு; மேலே தடவுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். டெட்டாலில் உள்ள மருந்து பூனைக்கு நஞ்சு.

திங்கட்கிழமையும் துரை சோற்றைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தே கிடந்தது. பாற்கடலையே நக்கிக் குடித்துவிடத் துணிந்த பூனையைத் தம் அவையடக்கத்தில் கம்பர் நமக்குக் காட்டினார். எங்கள் பூனையோ ஒரு கிண்ணப் பாலையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. காதைத் தொட்டால் சுடச்சுட இருந்தது. காய்ச்சலென்று தெரிந்தது. காய்ச்சலுக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்து, அந்தப் பாலில் கரைத்து வைத்தோம். அம்மாவுக்குக் கடைசி மாதங்களில் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்துப் பழகிய கை அது. கரைத்தது எங்களில் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இன்றுவரை நாங்கள் ஒருவரையொருவர் அந்தக் குற்றத்தைச் சுட்டிப் பேசியதுமில்லை.

பாலைத் துரை குடிக்கவில்லை. இரவு முழுவதும் ஆடை படிந்து கிண்ணம் அப்படியே இருந்தது. காலையில் சற்றே எரிச்சலோடு அதைக் கொட்டினோம்.

செவ்வாய்க்கிழமை காலை அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுக்க முயன்றபோதுதான் உண்மைக் காயம் தென்பட்டது. வால் தொடங்கும் இடத்திற்குச் சற்று மேலே, அடர்ந்த மயிருக்கு அடியில், எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். அறியாமல் அதன்மேல் விரல் பட்டது. ஆறு வயதை நெருங்கிய, ஒரு நாளும் எவரையும் கடித்திராத துரை திரும்பிக் கையைக் கடித்தது. பெருவிரலுக்கு அடியில் இரண்டு பல் ஆழமாக இறங்கின.

இரத்தத்தைக் கண்டதும் முதலில் நினைவுக்கு வந்தது மாடியிலிருந்த குரங்கு. குரங்கு கடித்த பூனை, தடுப்பூசி தவறிய பூனை, இரண்டு நாளாகத் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இருட்டில் ஒடுங்கிக் கிடந்த பூனை, இப்போது கடித்துவிட்டது. இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தவர்க்கு அவ்வேளையில் என்ன தோன்றும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வெறிநோய் குறி காட்டத் தொடங்கிவிட்டால் மீள்வது ஏறத்தாழ இல்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நல்ல வேளையாக ஒன்றைச் சரியாகச் செய்தோம். குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினோம். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவில்லை, கட்டும் கட்டவில்லை.

பின்னர் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். ஒருவர் அரசு மருத்துவமனைக்கு. மற்றவர் துரையுடன் கால்நடை மருத்துவரிடம். காய்கறிக் கூடையில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை விரித்து, அதில் துரையை வைத்து, இன்னொரு சுற்றுச் சேலையால் மூடியதும் அது சீறுவதை நிறுத்திவிட்டது. துணியில் என்ன மணம் எஞ்சியிருந்ததோ, நாங்கள் அறியோம்.

அரசு மருத்துவமனையில் கடிபட்டோர் வரிசை நீண்டிருந்தது. பெரும்பாலும் நாய்க்கடி. காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசி, தோளில் தடுப்பூசி, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மீண்டும் வரவேண்டுமென்று சீட்டு எழுதித் தந்தார்கள். பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே வைத்து மேலே மூடிவிடுமாதலால், அதற்குத் தனியாக ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. கடைசியில் மருத்துவர் கேட்டார்: "பூனை வீட்டிலேயே இருக்குமா? பத்து நாள் கண்காணியுங்கள். பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இல்லை என்று பொருள்."

கால்நடை மருத்துவர் இளம்பெண். அவர் முதலில் வெப்பமானியை வைத்தார், 104.6 பாரன்ஹீட். பூனைக்கு 102.5 வரை இயல்பு என்றார். மயக்க ஊசி போட்டு, வீங்கிய இடத்து மயிரை மழித்தபோது, தோலில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தன. அரைவிரல் இடைவெளி, குண்டூசித் தலையளவு. அவற்றின் வாய் அடைத்திருந்தது. கத்தி முனையால் சிறிது கீறியதும் வெளிவந்த சீழையும் நாற்றத்தையும் விழா மலரில் வருணிப்பது முறையன்று. உப்புநீரால் கழுவிக்கொண்டே இருந்தவர், மழித்த மயிரிலிருந்து மெல்லிய பிறை போன்ற ஒன்றை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். பூனை நகத்தின் மேலுறை. துரையினுடையது அன்று, கறுப்பு நிறம்.

"குரங்கு கடித்தால் தசை கிழிந்திருக்கும். இது பூனைச் சண்டை" என்றார் அவர். பூனையின் வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சிறு துளை வழியே தோலுக்கு அடியில் போய்விடும். மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். மூன்றாம் நாள் உள்ளே சீழ் கட்டும். காயம் சிறிதாயிருக்கிறதே என்று வளர்ப்போர் வாளாவிருப்பதே வழக்கம் என்றார். எங்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆக, கடுவன் குற்றவாளியே. ஆனால் மரபியல் கூறிய கடுவன் அன்று, எங்கள் ஊர்வழக்குக் கடுவன். அடுத்த சந்தில், பால்சாவடிக்குப் பின்னால் குடியிருக்கும் கருங்கடுவனை நாங்கள் நன்கு அறிவோம். பாதி வால் அற்றது. பிப்ரவரி மாதம் பெண்பூனைகளைத் தேடி அலையும் பருவம்.

மற்றொன்றையும் அம்மருத்துவர் சொன்னார். எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும் முன்னங்காலிலும் காயம் படும். ஓடிய பூனைக்கு வாலடியில் படும். துரை ஓடியிருக்கிறது.

எங்கள் ஊர் கோயில்வெண்ணிக்கு அருகில் என்று முன்னமே குறிப்பிட்டோம். அதுவே கரிகாலன் வென்ற பழைய வெண்ணி. அப்போரில் சோழன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகில் புறப்பட்டதால், அதுவும் புறப்புண்ணே என்று நாணி, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் நீத்ததைப் புறநானூறு கூறும். அந்தக் கதையை அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார்! அம்மா கட்டிலின் அடியில் துரை பார்த்துக்கொண்டிருந்தது வடக்குச் சுவர். அன்று மாலை இதை ஒருவர்க்கொருவர் சொல்லிச் சிரித்தோம். நான்கு நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான். பாதிச் சிரிப்பிலேயே அந்தப் பால் நினைவுக்கு வந்தது.

மருத்துவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "வீட்டில் ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா?" என்பது. பாலைப் பற்றிச் சொன்னதும் அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டார். குடித்ததா, எவ்வளவு குடித்தது, ஈறு பழுப்பாயிற்றா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். குடிக்கவேயில்லை என்று மும்முறை உறுதி கூறிய பின்னரே அமைதியுற்றார். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவாம். இரத்தச் சிவப்பணு உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கும். பூனை மூச்சுத் திணறி இறக்கும். ஒரு மாத்திரையே கொல்லப் போதும், பாதியும் ஆபத்துதான். துரை உண்ணாநோன்பு இருந்ததால் பிழைத்தது. எங்கள் அன்பை அது ஏற்காமல் விட்டதால் பிழைத்தது என்றும் சொல்லலாம்.

ஆனால் அந்த நோன்பும் இனித் தொடரலாகாது. பூனை சில நாள் உண்ணாமலிருந்தால், குறிப்பாகச் சற்றுப் பருத்த பூனையானால், கல்லீரலில் கொழுப்புப் படிந்து அது வேறொரு நோயாகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்தார். இளஞ்சூடான, மணமுள்ள உணவு தரவேண்டும். வேகவைத்த கோழியின் சாறு மிக நன்று என்றார். எங்கள் அடுக்களையில் முட்டைகூட நுழைந்ததில்லை. அம்மா இருந்த அடுக்களை அது. துரையும் ஆறாண்டாகத் தயிர்சோற்றிலும், வெளியில் தானே தேடிக்கொண்டதிலும் வளர்ந்தது. பூனைக்கு இறைச்சி இன்றியமையாதது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மேல்வீட்டு அம்மையாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அரைமணி நேரத்தில் எவர்சில்வர் டம்ளரில் கோழிச்சாறு வந்துவிட்டது. உப்பில்லை, வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாதவை என்று நாங்கள் சொல்லியிருந்ததால் அவையும் இல்லை. "இப்படி ஒரு கோழியை என் வாழ்நாளில் சமைத்ததில்லை" என்று அவர் இந்தியில் அலுத்துக்கொண்டார். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து ஊட்டினோம், அடுக்களைக்குள் கொண்டுபோகவில்லை. அம்மா பார்த்தால் என்ன சொல்வார் என்று எங்களில் ஒருவர் கேட்டார். மற்றவர், "துரை சாப்பிட்டானா என்று கேட்பார்" என்றார்.

முதல் இரண்டு வேளை ஊசிக்குழலால் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டோம். மூன்றாம் வேளை நாக்கு வெளியே வந்தது.

இனிப் பத்து நாள் கணக்கு. நாளுக்கு இருமுறை புண்ணை இளஞ்சூட்டு உப்புநீரால் கழுவ வேண்டும். அரைலிட்டர் கொதித்தாறிய நீருக்குத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி உப்பு. புண்ணின் வாய் விரைவில் மூடிவிடாமல், உள்ளிருந்து ஆறிவர வேண்டும். நக்கிவிடாதபடி கழுத்தில் ஒரு புனல். அதை மாட்டிக்கொண்டு துரை கதவுநிலையிலெல்லாம் முட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் துரைக்கும், துரையால் கடிபட்டவர்க்கும் எழுதித் தந்த நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றே. அளவுதான் வேறு. காலையிலும் இரவிலும் இருவருக்கும் மூன்றாமவர் மருந்து கொடுத்தார் என்று சொல்ல ஆசை. வீட்டில் மூன்றாமவர் இல்லையாதலால், கட்டுப்போட்ட கையே பூனையின் வாயைத் திறந்து பிடித்தது.

மருத்துவர்கள் இருவருமே அஞ்சவேண்டியதில்லை என்றுதான் சொன்னார்கள். துரை கடித்தது வலியால். அதன் ஒடுக்கம் காய்ச்சலால். அறிவு இதை ஏற்றது. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, கைவிளக்கொளியில், துரை தண்ணீர்க் கிண்ணத்தை அணுகுகிறதா என்று பார்த்தோம். அது விழுங்கும் ஓசையை எண்ணினோம். அதற்கு முன் ஆறாண்டுகள் எங்களோடு இருந்த பூனையை நாங்கள் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. இது அதன் நலத்தின்மேல் கொண்ட பரிவா, எங்கள் உயிர்மேல் கொண்ட அச்சமா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. முதல் சில இரவுகளில் அச்சமே மிகுதி; அதை மறைப்பதில் பயனில்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அது தண்ணீர் குடித்துவிட்டுப் புனலோடு தடுமாறி வந்து, கடிபட்ட கையின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டது. பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசியில், "பூனையை எங்காவது விட்டுவிடுங்கள், அம்மா" என்று கவலையோடு சொன்னது அந்த நாள்தான். "பார்க்கலாம், கண்ணா" என்று விடை சொன்னோம். கை அசையாமல் இருந்தது.

பிப்ரவரி 25 அன்று பத்தாம் நாள் முடிந்தது. துரை காலையில் தட்டின் எதிரே அமர்ந்து, தட்டையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தது. ஆயினும் இருபத்தெட்டாம் நாள் ஊசியையும் தவறாமல் போட்டுக்கொண்டோம். ஏப்ரலில், புண் நன்றாக ஆறியபின், துரைக்குத் தடுப்பூசியும் கருத்தடைச் சிகிச்சையும் செய்வித்தோம். அது செய்தால் கடுவன்களின் ஊர்சுற்றலும் சண்டையும் பெரிதும் குறையும் என்றார் மருத்துவர். மாடிமுகப்புக்கு வலை அடித்தாயிற்று. வலைக்கு அப்பால் மதிற்சுவரில் அந்தக் கருங்கடுவன் சில மாலைகளில் வந்து உட்காரும். துரை உள்ளிருந்து வாலைப் பருக்கச் செய்து பார்க்கும்; பிறகு திரும்பி அம்மாவின் கட்டிலுக்குப் போய்விடும்.

அடுக்களைக் கதவில் ஊரிலிருந்து வரும் தினசரி நாட்காட்டி தொங்குகிறது. அதில் ஆண்டுதோறும் சிவப்பு மையால் அம்மாவின் திதியைக் குறித்துவைப்போம். அதே பேனாவால் இப்போது ஏப்ரல் மாதத் தாள் ஒன்றிலும் எழுதி வைக்கிறோம்: துரைக்கு ஊசி.